அடுப்பெரிந்தால் ஐந்து ரூபாய்

அந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு, வைகைக் கரையில் தம் வீட்டைச் சமையல்கட்டோடு எங்களுக்கு வாடகைக்கு விட்டவர் விசித்திரமான மனிதர். ஒல்லி உடம்பு, நெற்றி நிறைய நாமம். பேசும்போதும் ஓட்டுக்கூரையையே பார்ப்பார்.

"வாரத்துக்கு எம்புட்டுண்ணே?" என்றேன்.

"தெனமும் அடுப்பெரிச்சா அஞ்சு ரூவா. கிளப்புக்கடையில சாப்பிட்டா பத்து."

"இதென்ன கணக்கு?"

"நாங்க மண்டகப்படியில சாப்பிட்டு ஆத்து மணல்ல படுத்துக்குவோம். திருநாள்ல வீடு பட்டினி கெடக்கலாமா?"

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, மண்டகப்படிகளில் புளியோதரையும் பானகமுமாக வயிறு நிறைந்து, அடுப்பை மறந்தேபோய் உச்சிவேளையில் திரும்பினோம். கூரைமேல் புகை. தம் சாவியால் திறந்து, அவர் உள்ளே அடுப்பூதிக்கொண்டிருந்தார். உலையில் வெறும் தண்ணீர் கொதித்தது.

"ஒங்க அரிசியத் தொடல தம்பி. அஞ்சே குடுங்க, போதும்."

அந்தத் தண்ணீரில்தான் அன்று சோறு வடித்தோம், பசியில்லாமலே.