எல்ஸி கேட்ட ஞாயிறு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் கம்பெனிக்கென்று ஒரு பங்களா இருந்தது. கணக்குப் பார்க்கவும் மரம் பார்க்கவும் ஈப்போவிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் தங்குவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டவள் எல்ஸி. விடியுமுன் அடுப்பை மூட்டினால், வந்தவர்கள் சீட்டாடி முடித்துச் சாப்பிடும்வரை நகர முடியாது. ஞாயிறும் திங்களும் அவளுக்கு ஒன்றுதான்.

1978-இல் ஒருமுறை, மழையால் விட்டுப்போன வேலையை ஈடுகட்டப் பால்மரம் சீவுகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். ஓய்வு நாள் என்பதால் அவர்களுக்கு இரட்டைச் சம்பளம். சம்பளம் போட்ட அன்று எல்ஸி ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி உடையப்பனிடம் போய், தான் எல்லா ஞாயிறும் வேலை செய்வதைச் சொன்னாள்.

“நீ வீட்டு வேலைக்காரி எல்ஸி. அந்தச் சட்டம் உனக்கு இல்லலா” என்றார் அவர்.

“யாரு வீட்டு வேலைக்காரி, ஐயா?”

உடையப்பன் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தச் சிரிப்பு அவளைத் தைத்தது. அடுத்த ஞாயிறு பங்களா நிறைய விருந்தாளிகள். எல்ஸி அடுப்பை மூட்டவில்லை. தொழிலாளர் லயத்தில் தன் வீட்டில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வெயில் ஏறும்வரை தூங்கினாள். தேடி வந்த ஆளிடம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அவள் கணவன் அந்தோணிமுத்து தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டுகிறவன். இரண்டு பேர் வேலையும் போகும், லயத்து வீடும் போகும் என்று புலம்பினான். தோட்டத்தை நடத்தும் துரை எச்சரித்துப் பார்த்தார். அந்த வாரமே அவள் ஈப்போ பஸ் ஏறித் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தாள்.

விசாரணைக்குத் துரையே வந்தார். வீட்டில் சமைக்கிறவளுக்குச் சட்டப்படி ஓய்வு நாளும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது என்றார். அதிகாரி எல்ஸியைப் பார்த்தார்.

“வீடுன்னா அங்க குடியிருக்கிறது யாருங்க?” என்றாள் எல்ஸி. “துரை குடும்பம் மேட்டுல வேற பங்களாவுல இருக்கு. இங்க வர்றவங்க எல்லாம் கம்பெனி வேலையா வர்றவங்க. அரிசியில இருந்து சவுக்காரம் வரைக்கும் கம்பெனிதான் வாங்குது.”

கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தால் விட்டிருப்போமே என்றார் துரை.

“எதுக்குன்னு உங்ககிட்ட சொல்லித்தான் வாங்கணும்னா, அது எப்படிங்க என் நாளாகும்?”

அது தனி வீடல்ல, கம்பெனியின் விடுதி என்று தீர்ப்பானது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, பழைய பாக்கியும் சேர்த்து. கம்பெனி கட்டியது. கட்டிய கையோடு பங்களாச் சமையலறையைப் பூட்டி, அவளுக்கு நோட்டீஸும் கொடுத்தது. அந்தோணிமுத்துவின் லாரி வேலையை மட்டும் யாரும் தொடவில்லை.

எல்ஸி ஈப்போவில் தொழிற்சாலைக் கேன்டீன்களில் வேலை கேட்டு அலைந்தாள். முதல் குத்தகைக்காரர் காஜி, அதாவது மாதச் சம்பளம், எவ்வளவு என்று சொன்னார். ஓய்வு நாள் எது என்று அவள் கேட்டாள். அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார் அவர்.

“இப்பவே பாத்துடலாம்லா” என்று சொல்லி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் எல்ஸி.