மீன் எண்ணெய் பூசிய டாங்கி

மீன் எண்ணெய் வாடை ஒருமுறை விரலில் ஏறிவிட்டால் மூன்று நாளைக்குச் சோற்றிலும் அதுதான். என் விரலில் அது ஒரு மாதம் இருந்தது. மீன்பிடி வள்ளத்துக்குப் பூசியதால் அல்ல... பொம்மை டாங்கிக்குப் பூசியதால்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். காத்திருக்கிறேன். இந்த வயதில் எனக்கு வேறு வேலையும் இல்லை.

அப்போது தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். என் கூட்டாளி மிக்கேல், கப்பல் இன்ஜின் ரூமில் வேலை. ஒரு தடவை லீவுக்கு வந்தபோது சிங்கப்பூரில் இருந்து இரண்டு ரிமோட் டாங்கிகள் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

"உனக்கு ஒண்ண எடுத்துக்கலே," என்றான்.

ஒன்று பச்சை, நீளமான பீரங்கிக் குழாய். மற்றது மண் நிறம், குட்டை, பார்க்கப் பாவமாக இருந்தது. நான் பச்சையை எடுத்தேன். குழாயைப் பார்த்து டாங்கி எடுப்பது மீசையைப் பார்த்து மாப்பிள்ளை எடுக்கிற மாதிரி என்று அப்புறம்தான் தெரிந்தது. பார்க்க வேண்டியது அடியில் சுற்றுகிற பட்டையை. அவனுடையது அகலப் பட்டை, கடற்கரை மணலில் நண்டு மாதிரி ஓடியது. என்னுடையது இரண்டடி போய்ப் புதைந்தது.

மிக்கேல் குனிந்து என் டாங்கியிடமே கேட்டான். "பாயும் தலகாணியும் கொண்டாரட்டா?"

அவன் திரும்பக் கப்பல் ஏற ஒரு மாதம் இருந்தது. அவன் பெண்டாட்டி பிலோமினாவுக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளை. இந்த ஒரு தடவை மட்டும் நில்லுங்கள் என்று தினமும் அழுதாள். இவன் காதில் வாங்கவில்லை.

ஒருநாள் அவள் முன்னாலேயே கேட்டேன். "ஏலே, பிள்ள பொறக்கத பாக்காம அங்கன போயி என்னத்தக் கிழிக்கப் போற?"

"சரி, ரெண்டு டாங்கியையும் கயித்தக் கட்டி இழுக்க விடுவோம். உன்னுது என்னுத ஆறடி இழுத்துட்டா நான் போவல. போதுமா?"

நான் கேலி என்றுதான் நினைத்தேன். பிலோ என்னைத் திரும்பிப் பார்த்தாள்... அந்தப் பார்வையில் கேலி இல்லை. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் கடற்கரையில் பந்தயம் என்று முடிவானது.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பெரிய பேட்டரி போட்டேன். சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையை அகலமாக்கினேன். மணலில் பிடிமானம் வேண்டுமே... வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை உள்ளே அடுக்கினேன். ஒரு முழு செங்கல்லை இழுத்தது!

பிலோ வந்து வந்து கேட்பாள். "அண்ணே, இழுக்குமா?"

"கப்பலையே இழுக்கும்ளா. நீ போயி சாப்பிடு."

அவள் அழுவதை நிறுத்தியிருந்தாள்.

அதோடு நானும் நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு ஒரு வாரம் தாங்காது. துருப்பிடித்து இறுகிவிட்டால்? வள்ளத்துக்கு என்ன செய்வோம்... மீன் எண்ணெய்தானே. டாங்கிக்கும் உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட்டிங் கொடுத்தேன். அச்சு, பல்சக்கரம், ஒன்றையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாதித் தெரு வந்துவிட்டது. என் டாங்கிக்குப் பின்னாலேயே இரண்டு பூனைகளும் வந்தன.

"ஜெபம் பண்ண ஆள் கூட்டியாந்திருக்கான்," என்றான் மிக்கேல்.

கயிறு இறுகியது. அவன் டாங்கி பின்னால் வர ஆரம்பித்தது. ஒரு அடி... இரண்டு... நாலு. தெருவே கத்தியது. பிலோ சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம்.

வள்ளம் தண்ணீரில் கிடக்கிறது, எண்ணெய் நல்லது. டாங்கி கிடப்பது மணலில். எண்ணெயில் ஒட்டின மணல் உள்ளே போய், அரம் மாதிரி பிளாஸ்டிக் பல்லையெல்லாம் ராவிவிட்டது. மோட்டார் கத்துகிறது, பட்டை சுற்றவில்லை. அவன் டாங்கி என்னுடையதை நிதானமாக இழுத்துக்கொண்டு போனது. எல்லாவற்றையும் மாற்றினவன் முதலில் மாற்றியிருக்க வேண்டியது அந்தப் பல்சக்கரத்தை.

வியாழக்கிழமை அவன் கிளம்பிவிட்டான். திரும்பி வந்தபோது மகள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். அப்பனைப் பார்த்ததும் அலறிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். அன்று அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

முப்பது வருஷம் ஆயிற்று. போன மாதம் போனில் பார்த்து ஒரு டாங்கி வாங்கினேன். இரும்புப் பட்டை, இரும்புப் பல், புகைகூட விடுகிறது. மிக்கேல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவனுக்கும் முட்டி போய்விட்டது, எனக்கும் போய்விட்டது. மகள் மஸ்கட்டில் நர்ஸ். கிழவனும் கிழவியும்தான் வீட்டில். டாங்கி நாற்காலியை இழுத்ததை உட்கார்ந்தபடியே பார்த்தோம்.

இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "ஏலே, அன்னைக்கு நான் செயிச்சிருந்தா நின்னுருப்பியா?"

"கப்பல் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் கழிச்சுதாம்ல பந்தயமே பேசுனேன்."

"அப்போ எதுக்குல அத கட்டுன?"

"மூணு வாரமாவது அவ அழாம இருந்தாள்லா."

ஊரையே கேலி பண்ணித் திரிந்தவன் நான். முப்பது வருஷம் ஒரு பல்சக்கரத்தை நெஞ்சில் சுமந்திருக்கிறேன். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்... அலுப்பாக இருந்தது.

பிலோ டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கும் தெரியும்ண்ணே. அப்பவே பெட்டியில பேப்பரப் பாத்துட்டேன்," என்றாள். "ஆனாலும் நாலடி இழுத்தப்போ... நின்னுருவாவன்னுதான் நெனச்சேன்."

மிக்கேல் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஒரு நல்ல பல்சக்கரத்துக்கு ஊரெல்லாம் அலைந்தாலும் கிடைக்காது. இப்போது கேட்டதை இரண்டு நாளில் வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். வந்து என்ன... இழுத்து நிறுத்த வேண்டிய ஆள் வீட்டிலேயேதான் இருக்கிறான். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.