அட்டை மறைத்த தொகை

என் சித்தப்பா ஒரு கம்பெனிக்கு டைரக்டர் என்பதை நாலாம் வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லி வைத்திருந்தேன். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி அது. சித்தப்பா அங்கே வேன் ஓட்டினார். பதிவு செய்ய இரண்டு டைரக்டர் வேண்டும் என்று முதலாளி தன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் போட்டுக்கொண்டார். சம்பளம் என்னவோ வேன் ஓட்டியதற்கு மட்டும்தான். அந்தப் பதவியால் எனக்கு இருந்த பெருமை அவருக்கே இருந்திருக்காது.

அம்மாவுக்கும் அங்கேதான் அடுப்பு வேலை. சம்பள நாளில் பெண்கள் வரிசையாக நின்று கவரை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அன்று மட்டும் பதிவேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரும் சித்தப்பா, தொகை எழுதிய இடத்தின் மேல் ஓர் அதிரசப் பெட்டி அட்டையை வைத்து அழுத்திக்கொள்வார். அங்கே அதுதான் வழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஒரு லீவு நாளில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா கையெழுத்துப் போடும்போது அட்டை கொஞ்சம் விலகியது. பெரிய படிப்பாளியாயிற்றே, சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

“மாசம் எட்டாயிரத்து நானூறு வாங்குற. எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தர மாட்டேங்குற.”

கவரில் இருந்தது ஐயாயிரம். அம்மா அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் பெண்கள் எல்லாரும் சிவகங்கைக்குப் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். முதலாளி மேல் கொடுத்த மனு, டைரக்டர் என்பதால் சித்தப்பாவையும் சேர்த்து மாட்டிவிடும் என்று அம்மாவுக்குத் தெரியாது. நோட்டீஸ் அவர் பெயருக்கும் வந்தது. வாபஸ் வாங்கச் சொல்லி முதலாளி ஆள் விட்டார். அம்மா வாங்கவில்லை. ஒரே வீட்டில் இருந்த அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூன்று மாதம் பேச்சு வார்த்தை இல்லை. குழம்பு வேண்டுமா என்று கேட்கக்கூட நான்தான் தூது போனேன்.

விசாரணை அன்று அம்மா என்னையும் கூட்டிப் போனாள். தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளை செய்தது என்றார் முதலாளி. சித்தப்பாவுக்கும் அதே பதிலைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

“சம்பளம் கொறைச்சுக் குடுத்தது உங்களுக்குத் தெரியுமா?”

சித்தப்பா எழுந்து நின்றார்.

“தெரியும் சார். மொதலாளிதான் மறைக்கச் சொன்னாக. அட்டைய வச்சு மறைச்சது நாந்தான். எங்க மதினி கையெழுத்துப் போடயிலயும் மறைச்சேன்.”

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். விடுபட்ட சம்பளத்துக்கு முதலாளியும் சித்தப்பாவும் பொறுப்பு என்று உத்தரவு வந்ததும், சித்தப்பா வேலை போனதும், தன் பங்கைக் கட்ட பைக்கை விற்றதும் பிறகு நடந்தவை. அன்று திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கும் அம்மாவுக்கும் இடம் கிடைத்துவிட்டது. சித்தப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போகும்?

அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி அங்குட்டு நிக்கிறீக? இங்குட்டு வந்து உக்காருங்க.”

ஒரு பொய் சொல்லித் தப்பத் தெரியாத மனிதருக்கு, மூன்று மாதமாக முகம் கொடுக்காத அம்மா எதற்காக என் இடத்தைப் பிடுங்கிக் கொடுக்கிறாள் என்று காரைக்குடி வரும்வரை எனக்கு விளங்கவில்லை.