அம்மை இறங்குமுன் ஆடிய ஆட்டம்

கருப்பசாமி தும்மினால்கூடக் கங்கப்பனுக்குப் பொறுக்காது. "தும்மறதுல கூட ஒரு ஸ்டைலு பாரு அவனுக்கு" என்று என் காதருகே வந்து எரிந்து விழுவான். நான் எங்கள் கம்பெனி கால்பந்து அணியின் கோல்கீப்பர். இரண்டு கம்பத்துக்கு நடுவே சும்மா நிற்கிறவன்தானே என்று எல்லாருடைய புலம்பலும் என்னிடம்தான் வந்து சேரும். என் பெயர் சென்னகிருஷ்ணன், ஊர் நாகரசம்பட்டி. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

ஓசூர் சிப்காட்டில் இரும்பு வார்க்கிற கம்பெனி எங்களுடையது. நான் சொல்வது எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. கங்கப்பன் கெலமங்கலத்துப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண் சுமக்க வந்தவன், கட்டடம் எழும்பி, உலை மூட்டி, இரும்பு உருகி ஓடிய பிறகும் அங்கேயே இருந்தான். கேஷுவல் தொழிலாளியாகவே இருந்தான். மேலே கூரை போட்டவர்களுக்கெல்லாம் பெர்மனென்ட் ஆனது, இவனுக்கு ஆகவில்லை.

அவனுக்கு இருந்த ஒரே பெருமை பந்து. ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டு நடுவில் முன்னால் நின்று ஆடுகிறவன் அவன்தான். சாயங்காலம் மைதானத்தில் அவன் இறங்கினால் சூப்பர்வைசர்கள்கூட வேலி ஓரம் நின்று பார்ப்பார்கள். அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கமிருந்து கருப்பசாமி வந்தான். அவனும் கேஷுவல்தான். ஒல்லியான ஆள், சுருட்டை முடி, யாரைப் பார்த்தாலும் "அண்ணாச்சி" என்று ஒரு சிரிப்பு. முதல் நாள் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டான். மறு வாரம் ஒன்பதாம் நம்பர் சட்டை அவன் முதுகுக்குப் போனது. அடுத்த மாதம் கேப்டன். கங்கப்பனை ஓரத்துக்குத் தள்ளினார்கள், பிறகு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

அன்றிலிருந்து கங்கப்பன் வேறு வேலை பார்க்கவில்லை, கருப்பசாமியைத்தான் பார்த்தான். கேன்டீனில் அவன் தட்டில் எத்தனை வடை விழுகிறது, அவன் சைக்கிளுக்கு எப்போது புது மட்கார்டு போட்டான், அவன் மனைவி பவளம் கட்டிக் கொடுக்கிற மீன்குழம்பு எந்த டேபிள் வரைக்கும் மணக்கிறது, எல்லாம் இவனுக்குத் தெரியும். "ஓசூர்ல ஏதுடா மீனு? எங்கிருந்துடா வாங்கறாங்க?" என்று அதற்கும் ஒரு எரிச்சல். ஒருமுறை கருப்பசாமிக்குக் கணுக்கால் பிசகியது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பவளம் சொன்னது கங்கப்பன் காதுக்கு வந்தபோது, அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததே, அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த வருஷம் கம்பெனிகளுக்கிடையே கோப்பை ஆட்டம் நடந்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக் கம்பெனிகளும் சேர்ந்திருந்தன. நாங்களும் ஒரு அத்திப்பள்ளி அணியும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். பெர்சனல் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டு, "கப் ஜெயிச்சா, கேஷுவல்ல ஆடறவங்கள்ல ஒருத்தனுக்கு பெர்மனென்ட். ஃபைனல்ல யார் நல்லா ஆடறானோ அவனுக்கு" என்றார். எல்லாரும் திரும்பிக் கருப்பசாமியைப் பார்த்தார்கள். நானும் கேஷுவல்தான், நானும் அவனைத்தான் பார்த்தேன். கங்கப்பன் மட்டும் தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் அம்மை வந்தது. பங்குனி வெயிலோடு சிப்காட் லைன் வீடுகளில் ஒவ்வொரு வாசலாக வேப்பிலை ஏறியது. பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தமும் நின்றுபோனது. கம்பெனி நர்ஸ், ஆள் கூடுகிற இடமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாரம்மா ஊருக்குள் இருக்கும்போது ஆட்டம் பாட்டம் கூடாது என்று பெண்களும் சொல்லிவிட்டார்கள். இறுதி ஆட்டம் நிறுத்தப்பட்டது. அந்த வாரமே கருப்பசாமி வீட்டு வாசலிலும் வேப்பிலை ஏறியது.

அம்மை போட்டால் மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை வாசல்படி தாண்டக்கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. கங்கப்பனுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். அதுவரை பெஞ்சில் வாயைத் திறக்காமல் இருந்தவன், கேன்டீனில் நாற்காலி மேல் ஏறி நிற்காத குறையாகப் பேச ஆரம்பித்தான்.

"மூணு ஷிப்டும் ஓடுது. கம்பெனி பஸ்ல ஒருத்தன் மூச்சை இன்னொருத்தன் வாங்கினு வர்றோம். ஒரே டிரம்முல தண்ணி மோந்து குடிக்கறோம். அங்கெல்லாம் வராத அம்மை, பந்து மேல உக்காந்துனு வருமா? உலையை நிறுத்துங்க, நானும் பந்தை நிறுத்தறேன்!"

கேட்டவர்கள் கை தட்டினார்கள். பேச்சில் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இரும்பு வார்க்கும்போது தொடாத அம்மை, வேடிக்கை பார்க்கும்போது மட்டும் தொடுமா என்று எனக்கும்கூடத் தோன்றியது. ஆனால் பேசியவன் வயிற்றில் எரிந்தது என்ன என்பதும் எனக்குத் தெரியும்.

"கருப்பசாமிக்குத் தண்ணி ஊத்தட்டும்பா. அவன் இல்லாம இவ்ளோ தூரம் வந்திருப்பமா?" என்றேன்.

"ஒருத்தனுக்காக ஊரே நிக்கணுமா? நான் இத்தினி வருசமா நிக்கறனே, எனக்காக எவன் நின்னான்?"

பவளம், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் அவரே வந்துவிடுவார் என்று ஆள்விட்டுச் சொன்னாள். கங்கப்பன் நேராகப் பெர்சனல் ஆபீசரிடம் போய், உலையையும் பஸ்ஸையும் பற்றிய அதே பேச்சைப் பேசினான். உலையை நிறுத்துவது பற்றிய பேச்சு ஆபீசருக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பந்தை உருட்டச் சொல்வது சுலபம் என்று நினைத்தாரோ என்னவோ, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று போர்டில் எழுதிவிட்டார்கள்.

கங்கப்பன் மனைவி கெம்பம்மா அவனோடு சண்டை போட்டாள். "யோவ், மாரம்மா ஊர்ல இருக்கறப்ப வேணாய்யா" என்றாள். அவன் கேட்கவில்லை. கருப்பசாமி வீட்டிலிருந்து ஒன்பதாம் நம்பர் சட்டையை வாங்கி வரச் சொன்னான். வந்ததும் உலைப்பக்கத்தில் வைத்து நன்றாகச் சூடு காட்டிவிட்டுப் போட்டுக்கொண்டான். அம்மைக்குப் பயந்தானா, கருப்பசாமி வாடை பிடிக்கவில்லையா, தெரியாது.

ஞாயிறு மத்தியானம் மைதானம் நிறைந்திருந்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்து அலுத்த சனம், வேண்டாம் என்று சொன்ன பெண்கள் உட்பட, எல்லாரும் வந்துவிட்டார்கள். கங்கப்பன் முகம் சிவந்திருந்தது. "உடம்பு சுடுதா?" என்று கேட்டேன். "ஆடறவனுக்கு சுடாம?" என்றான். உண்மையைச் சொன்னால், அன்று அவன் ஆடிய ஆட்டத்தைப் போல நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அத்திப்பள்ளிக்காரர்கள் இருவர் அவனை மறிக்க, அவர்களுக்கு நடுவே எகிறித் தலையால் முட்டினான். பந்து வலைக்குள் கிடந்தது.

அவன் ஒன்பதாம் நம்பர் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டே புளியமரத்தடிச் சனத்தை நோக்கி ஓடினான். கருப்பசாமி கோல் போட்டால் விசிலடித்த சனம் அது. அங்கே மாங்காய்ப் பத்தை விற்கிற மாதம்மாள் முதலில் எழுந்தாள். காலில் கிடந்த செருப்பை உதறினாள், இரண்டு கையையும் கூப்பினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு ஆண்களும் எழுந்தார்கள். விசில் இல்லை, கைதட்டல் இல்லை. மரத்தடிச் சனம் முழுக்கக் கும்பிட்டு நின்றது. கங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனும் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையேறிய தலைவரைப் போல அவர்களைத் திருப்பிக் கும்பிட்டான்.

"தாயே, மாரம்மா, தப்பா எடுத்துக்காதம்மா!" என்று மாதம்மாள் கத்தினாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் மார்பெல்லாம் கொப்புளம். "பொறிடா, நேத்து ஷிப்டுல தெறிச்சது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. இரும்புக் குழம்பு ஊற்றுகிற எங்கள் எல்லாருடைய மார்பிலும் கையிலும் எப்போதும் இரண்டு கொப்புளம் இருக்கும். பொறி பட்டால் எண்ணெய் தடவுவோம், மறந்துவிடுவோம். காலையில் கெம்பம்மாவும் அப்படித்தான் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தாள். நான் அவனைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். உலைக்கு முகம் காட்டி நிற்கிறவனுக்கு முதுகில் எப்படிப் பொறி தெறிக்கும்? முதுகு முழுக்க முத்துமுத்தாக இருந்தது.

"யாருக்குக் கும்பிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். நான் அவன் தோளில் கிடந்த சட்டையை எடுத்து முதுகை மூடினேன். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். கோல் செல்லாது, இன்னொரு நாள் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும் என்று முடிவானது.

இனி நடந்தது கெம்பம்மா என் மனைவி வீரலட்சுமியிடம் சொன்னது. கங்கப்பன் வேப்பிலை மேல் படுத்திருந்தான். எப்போதும் யோவ் என்று கூப்பிடுகிறவள் அந்த நாட்களில் அவனைத் தாயி என்றுதான் கூப்பிட்டாள். ஒருநாள் சாயங்காலம் கருப்பசாமி இளநீரோடு வந்தான். மூன்று தண்ணீரும் ஊற்றி முடிந்தவன், அதனால் பயமில்லாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். முகத்தில் தழும்பு இன்னும் கறுப்பாக இருந்தது. அந்தத் தழும்பும் அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது என்று கங்கப்பன் பிறகு சொன்னானாம்.

"அண்ணாச்சி, ஆபீசர் என்னையக் கூப்புட்டுக் கேக்காரு. ஞாயித்துக்கிழமையே ஃபைனல வச்சிரலாமா, இல்ல உங்களுக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் பொறுக்கவான்னு. கேப்டன் நீதாம்ல, நீயே சொல்லுங்காரு. நான் உங்களக் கேட்டுட்டுச் சொல்லுதேன்னு வந்துட்டேன்."

கங்கப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கெம்பம்மாவுக்குத் தாங்கவில்லை. "தாயிக்கி என்ன வேணும்னு கேளுப்பா. அம்மை போட்ட வாய் கேட்டதை யாரும் இல்லேன்னு சொல்லக்கூடாது" என்றாள்.

"எங்க ஊர்லயும் அப்பிடித்தான் மதினி" என்று கருப்பசாமி கை கூப்பினான். "கேளுங்க தாயி. என்ன கேட்டாலும் செய்யுதேன்."

வேப்பிலை சரசரக்கக் கங்கப்பன் இந்தப் பக்கம் திரும்பினான். "நீ ஆடக்கூடாது" என்றான்.

கருப்பசாமி "சரி தாயி" என்றான். இளநீரைச் சீவி டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டுப் போனான்.

சொன்ன சொல் தவறவில்லை. உடம்பில் இன்னும் தெம்பு வரவில்லை என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டான். கங்கப்பனுக்காகப் பொறுக்கலாமா என்ற பேச்சையும் அவன் திரும்ப எடுக்கவில்லை, கங்கப்பன்தான் அதைக் கேட்கவில்லையே. ஞாயிற்றுக்கிழமை இருவருமே இல்லாமல் ஆடினோம். யாரும் கோல் போடவில்லை, பெனால்டிக்குப் போனது, எனக்கு அன்று கை நீண்டிருந்தது. கோப்பை வந்தது, பெர்மனென்ட் எனக்கு வந்தது. அதில் என் தப்பு ஒன்றுமில்லை. பந்து என் பக்கம் வந்தது, பிடித்தேன். அடுத்த சீசனுக்கு அத்திப்பள்ளிக்காரர்களே கருப்பசாமியை வேலை கொடுத்து அழைத்துப் போய்விட்டார்கள். கங்கப்பன் கேஷுவலாகவே இருந்தான். என் யூனிஃபார்மில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, தலை துவட்டிக்கொண்டிருந்தவனிடம் கெம்பம்மா கேட்டாளாம். "ஏய்யா, எது கேட்டிருந்தாலும் குடுத்திருப்பான். எனக்காகப் பொறுத்து ஆடுங்கன்னு கேட்டிருந்தா நீ ஆடியிருப்ப, வேலையும் வந்திருக்கும். உனக்குன்னு ஒண்ணு கேக்கக் கூடாதா?"

அவன் துண்டை உதறிக் கொடியில் போட்டான்.

"எனக்குன்னு கேக்கணும்னு அப்ப தோணவேயில்ல கெம்பி" என்றான்.