இரண்டாவது பிரேக்

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். அவர் நடத்தியது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. காரில் கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் அவருக்கென்று இரண்டாவதாக ஒரு பிரேக் உண்டு. கால் எப்போதும் அதன்மேல்தான். "கண்ணாடி பாத்தியா? பாக்காம திருப்பினியே, அந்த சைக்கிள்காரன் உனக்கு என்ன பாவம் செஞ்சான்?" என்று அவர் போடும் சத்தத்தில் தெருநாய்கூட ஒதுங்கி நிற்கும். அழுதவர்கள் உண்டு. அவரிடம் பழகிவிட்டு எங்கேயும் போய் முட்டிக்கொண்டவர்கள் குறைவு. அந்த நன்றிக்குத்தான் தேர்தலில் நின்றபோது ஊர் அவருக்கு வோட்டை அள்ளிப் போட்டது. எதிர்த்து நின்றவரும் அவரிடம் பழகியவர்தான். ரிவர்ஸ் மட்டும் அந்த மனிதருக்குக் கடைசிவரை வரவில்லை.

சட்டமன்ற வேலை அக்காவுக்குச் சுலபமாகவே இருந்தது. செங்கல் கனத்தில் ஒரு மசோதா வரும். முன்வரிசையில் கொறடா உட்கார்ந்திருப்பார். கட்சிக்காரர்கள் சிதறாமல் வாக்களிக்கிறார்களா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அவர் கை மேலே போனால் எல்லார் கையும் மேலே போகும். படித்தீர்களா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு.

மசோதாக்களுக்கு அக்கா வேறு உபயோகம் கண்டுபிடித்திருந்தார். கூட்டம் இல்லாத நாட்களில் பழையபடி பயிற்சிக் காரில் ஏறிவிடுவார். குள்ளமானவர்கள் பழக வந்தால் ஸ்டீயரிங்குக்கு மேலே சாலை தெரியாது. இருக்கையில் ஒரு மசோதாவைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தால் ஜோராகத் தெரியும். மெலிந்த மசோதா வந்தால் அக்காவுக்குப் பிடிக்காது.

அப்படித்தான் சாலைப் பாதுகாப்பு மசோதாவும் வந்தது. சாலை அக்காவின் சொந்த மண்ணாயிற்றே, கட்சி அவரையே பேசச் சொன்னது. கொறடா கொடுத்த ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கினார். மேசை தட்டினார்கள், மசோதா நிறைவேறியது. மறுநாள் அது ஒரு குள்ளமான தையல்காரம்மாவுக்கு அடியில் போனது.

அக்காவுக்கு ஒரு தம்பி. சிறு வயதிலிருந்தே காது மந்தம். மெஷின் வைத்தால் கேட்கும். ரொட்டி கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். ஓட்டக் கற்றுத்தர ஊரில் ஒருத்தரும் முன்வராதபோது, ஒரு ஓட்டை காரை வாங்கி அக்காவே கற்றுத்தந்தார். பள்ளி பிறந்ததே அப்படித்தான். காது குறைந்தால் கண்ணை இரண்டு மடங்கு திறந்து வை என்பது பாடம். இத்தனை வருஷத்தில் அவன் வேனில் ஒரு கீறல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் காரைக் கழுவுவது அவன்தான். பேச்சைவிட எழுத்தை நம்புகிறவன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடமாட்டான். அந்த ஞாயிறு இருக்கையிலிருந்து மசோதாவை எடுத்தவன், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். மதியம் சமையலறைக்கு வந்தான்.

"அக்கா, காது மெஷின் வச்சவங்க சம்பளத்துக்கு வண்டி ஓட்டக் கூடாதாம். அடுத்த மாசத்துலேருந்து. இதுல போட்டிருக்கு."

அப்படியெல்லாம் இருக்காது என்று அக்கா சிரித்தார். அவன் பக்கத்தை நீட்டினான். அக்கா படித்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இதுக்கு நீயுமா கை தூக்கினே?" என்றான் தம்பி.

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பிப் போய் மிச்சமிருந்த காரைக் கழுவி முடித்தான். அக்காவுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

திங்கட்கிழமை காலையில் கிளம்பிவிட்டார். அந்தப் பிரிவை யார் சேர்த்தது? மசோதாவை எழுதிய அதிகாரி, எப்போதோ கைவிட்ட பழைய விதியில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்தோம், வேண்டாமென்றால் கமிட்டி நீக்கியிருக்குமே என்றார். கமிட்டித் தலைவர், அமைச்சர் பார்த்திருப்பார் என்று நினைத்தாராம். அமைச்சர், கமிட்டி பார்த்திருக்கும் என்று நினைத்தாராம். ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சியில் ஒரு வக்கீல் இருந்தார். நீங்கள்தான் எதிர்த்து வாக்களித்தீர்களே, நீங்களாவது இதைக் கிளப்பக் கூடாதா என்று அக்கா கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். அவர்களும் படிக்கவில்லை, படிக்காமலே எதிர்த்திருந்தார்கள். ஆனால் ஒரு வழி சொன்னார். இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் மசோதாவைத் திரும்ப விவாதத்துக்கு எடுக்கலாம். ஆதரித்து வாக்களித்தவர்தான் அதைக் கேட்க முடியும். எழுந்து காரணம் சொல்ல வேண்டும். ஆதரித்த இன்னொருவரும் கூட எழுந்து நிற்க வேண்டும்.

அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. பிரேக் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மிதிக்க அவருக்குத் தெரியும்.

முதலில் காரை மரநிழலில் நிறுத்திவிட்டு மசோதா முழுவதையும் படித்தார். மற்றதெல்லாம் நல்ல சரக்குதான். கெடுத்தது அந்த ஒரு பிரிவு. பிறகு பக்கத்து இருக்கை உறுப்பினரான பல் டாக்டரிடம், என்னோடு எழுந்து நிற்பீர்களா என்று கேட்டார். டாக்டர், கொறடா இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பாக்கலாம்க்கா என்று இழுத்தார்.

கொறடா காதுக்குச் செய்தி போகாமலா இருக்கும்? அடுத்த வருஷம் ஒரு திருத்தம் கொண்டுவரலாம் என்று முதலில் தட்டிக்கொடுத்தார். அதுவரை என் தம்பியின் ரொட்டி வேனை யார் ஓட்டுவது என்று அக்கா கேட்டதும் குரல் மாறியது. "படிக்காம ஓட்டுப் போட்டேன்னு நீங்க எழுந்து சொன்னா, நாங்க எல்லாரும் அப்படித்தான்னு ஆயிடும். அடுத்த தேர்தல்ல உங்களுக்கு இடம் கிடையாது."

"இடம் போனா போகட்டும். எனக்குப் பொழப்பு இருக்கு. என் தம்பிக்கு அந்த வேன் ஒண்ணுதான்" என்றார் அக்கா.

கூட்டத்தொடரின் கடைசி நாள். மேலே பார்வையாளர் மாடத்தில் தம்பி கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவ்வளவு தூரத்துக்கு மெஷினில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். சபாநாயகர் அனுமதி தந்ததும் அக்கா எழுந்தார்.

"இந்த மசோதாவுக்கு நான் கை தூக்கினேன். படிக்காம தூக்கினேன். காது மெஷின் வச்சு ஒழுங்கா வண்டி ஓட்டறவங்க பொழப்புல மண்ணப் போட ஒரு பிரிவு இதுக்குள்ள இருக்கு. எங்கிட்ட கார் பழகினவங்க இங்கயும் இருக்கீங்க. கண்ணாடி பாக்காம திருப்பினா நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு அந்தத் திட்டு எனக்கு. படிச்சுட்டுத்தான் கை தூக்கினேன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க, நான் உக்காந்துடறேன்."

ஒருவரும் சொல்லவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். வக்கீல் முழங்கையால் இடித்து அடக்கினார். கொறடா திரும்பித் தன் ஆட்களை ஒவ்வொருவராக முறைத்தார். அக்கா பல் டாக்டரைப் பார்க்கவே இல்லை. பழகுகிறவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கால் தடுமாறும் என்று அவருக்குத் தெரியும்.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. "நானும் படிக்கல" என்றார் டாக்டர், தன் பல்லையே தான் பிடுங்கிக்கொண்டவர் முகத்தோடு. பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தார். அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். அதற்கு மேல் கொறடாவால் யாரை முறைக்க முடியும்?

சபாநாயகர் அந்தப் பிரிவை நீக்குவதை மட்டும் வாக்கெடுப்புக்கு விட்டார். பழக்கதோஷத்தில் கொறடாவின் கை பாதி தூரம் மேலே போய் நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் மசோதாவைப் பிரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். மன்றம் முழுக்கத் தாள் புரளும் சத்தம். சபாநாயகர் அவசரப்படுத்தவில்லை, அவரும் குனிந்துதான் இருந்தார். பிறகு கைகள் எழுந்தன. பிரிவு நீக்கப்பட்டது.

அக்கா மாடத்தைப் பார்த்தார். தம்பி இல்லை. வெளியே வந்து பார்த்தால், படிக்கட்டின் அடியில் வேன் சாவியை விரலில் கோர்த்துக்கொண்டு முகம் செத்துப்போய் நின்றிருந்தான்.

"ஏன்டா எறங்கி வந்துட்டே?"

"நாலஞ்சு பேர் எழுந்து நின்னாங்க, கடைசியில எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுட்டாங்களேக்கா. போச்சு, சாவியக் கொடுத்துட வேண்டியதுதான்னு நெனச்சேன். அதுக்கு மேல பாக்க முடியல."

"தொங்கப் போடலடா. படிச்சிட்டிருந்தாங்க."

தம்பி மெஷினைக் கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தான். "இன்னொரு தடவ சொல்லு" என்றான்.