பெரியவருக்கு அடுத்தவர்

சக்கரவர்த்தி இறந்து அவருடைய மகன் பட்டத்துக்கு வந்த செய்தி கல்கத்தாவை எட்டியபோது எனக்கு ஏழு வயது. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவின் தம்பியான மாமா வேலை தேடிக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். அவர் அப்பாவைப் பார்த்து, "ராஜாவுக்குப் பிள்ளையாப் பொறந்தா போதுமா அத்திம்பேர்? பரீட்சை ஒண்ணும் கிடையாதா?" என்றார்.

"உன்னைக் கேட்டுண்டு வெக்கணுமாக்கும். யானை கிட்ட மாலையைக் குடுத்து அனுப்பேன்" என்றார் அப்பா.

யானை எதற்கு என்று கேட்டேன். வாரிசு இல்லாத ஊரில் பட்டத்து யானை யார் கழுத்தில் மாலையைப் போடுகிறதோ அவர்தான் ராஜா என்றார் மாமா. யானைக்கு எப்படித் தெரியும்?

"தெரியாது. ஆனா அதுக்கு மச்சினனும் கிடையாது, மருமானும் கிடையாது. யாரும் கோச்சுக்க முடியாது."

பவானிபூரில் நாங்கள் இருந்த வீட்டில் நான்கு தமிழ்க் குடும்பங்கள். வீட்டை மொத்தமாக வாடகைக்குப் பிடித்துப் பங்கிட்டுக் கொடுத்தவர் பெரியவர். வாசல் சாவி, குழாயடி முறை, யார் தங்கலாம், யார் கூடாது என்பதெல்லாம் அவர் சொன்னபடிதான். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கும்பகோணம் திரும்பத் தீர்மானித்தார். "இனிமே என் பிள்ளை பார்த்துப்பான்" என்றார்.

பிள்ளையோ முதல் காரியமாக மாமாவை வெளியே அனுப்புவதாகச் சொல்லி வைத்திருந்தார். மாமாவின் பேச்சு போலீஸ் காதில் விழுந்தால் எல்லோருடைய உத்தியோகத்துக்கும் ஆபத்தாம். அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பிக்கு இந்த ஊரில் வேறு போக்கிடம் கிடையாது.

நான்கு குடும்பமும் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் மாமா. சாம்ராஜ்யத்துக்கு வாரிசு போதும் என்ற அப்பா, பவானிபூருக்கு அது போதாது என்று ஒப்புக்கொண்டு தாமே எதிரே நின்றார். இரண்டு குடும்பம் இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம்.

பெரியவர் கோபப்படவில்லை. "பூக்கட்டிப் பார்த்துடலாம். பிள்ளைக்கு மல்லி, உங்களுக்குச் செம்பருத்தி" என்றார். இரண்டையும் தனித்தனியே வாழையிலையில் சுற்றி, நூல் கட்டி, சுவாமி முன்னால் வைப்பார்கள். குழந்தை ஒன்றை எடுக்கும். எந்தக் குழந்தை என்ற கேள்வி வந்தது. "அவா பொண்ணே எடுக்கட்டுமே" என்றார் பெரியவர். எதிர்த்து நிற்பவரின் பெண்ணை நம்பியதற்காக எல்லோரும் அவரை மெச்சினார்கள்.

"நீதான்டி யானை" என்று மாமா என்னை முன்னே தள்ளினார்.

மாமா இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கண்ணை மூடிக் குனிந்தேன். ஒரு பொட்டலத்திலிருந்து கமகமவென்று வாசனை வந்தது. சுவாமி வழி காட்டுகிறார் என்று அதை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார்கள். மல்லிகை.

மறுநாள் மாமா ஹவுராவில் ஒரு மெஸ்ஸுக்குப் போவதற்காகத் தகரப் பெட்டியைக் கட்டினார். இன்னொரு தரம் எடுக்கிறேன் என்று அழுதேன்.

"ரெண்டாந்தரம் எடுத்தா அது யானை இல்லைடி. ஆமாம், எப்படி எடுத்தே?"

"ஒண்ணுதான் வாசனையா இருந்தது."

மாமா கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு எந்தப் பூன்னு சொன்னது பெரியவர்தானே?"

"ஆமாம்."

பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். ஆனால் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டைவிட்டுப் போகிறவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரமே பெரியவரும் ஊருக்குக் கிளம்பினார். வாசலில் குதிரை வண்டி நின்றது. என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். இவ்வளவு நியாயமான மனிதர் நம்மை விட்டுப் போகிறாரே என்று நான் வண்டி மறையும்வரை அழுதேன்.