அந்தக் காலத்தில் இல்லாத சட்டம்

காப்பி ஊற்றும்போது வெர்னா கோப்பையைப் பார்ப்பதில்லை. கண்ணெல்லாம் தன் உணவகத்துக்கு வெளியே, வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில். சிவப்புப் பிக்கப் வண்டி ஒன்று வந்துவிடுமோ என்று பார்க்கிறாள். அது அவள் தங்கை நோரீனின் கணவன் டுவைட்டுடையது. நோரீனின் தாடையை உடைத்தவன். அவளை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டதும், சட்டப்படி அவன் துப்பாக்கிகளை வட்டாரப் போலீஸ் தலைவர் ஷெரீஃப் வாரிக்கொண்டு போனார். திருப்பித் தரச் சொல்லி டுவைட் வழக்குப் போட்டான். நோரீன் பாட்டுக்கு ஜன்னலோர மேஜையில் ஆப்பிள் பை பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்னாவைத் துப்பாக்கிக்கு விரோதி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். எங்கள் கெண்டக்கி மலையோரத்தில் நவம்பர் பிறந்தால் கடையைப் பூட்டிவிட்டு மான் வேட்டைக்குப் போகிறவள். "துப்பாக்கி என்னடா பாவம் பண்ணுச்சு? அடிக்கிற கைக்கு அது எதுக்குன்னுதான் கேக்குறேன்" என்பாள்.

தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வாசலில் காவலர் ஹோலிஸ், அவள் கைப்பையில் கிடந்த மான் உரிக்கும் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஜட்ஜய்யா பாதுகாப்புக்கு, வெர்னாக்கா."

"ஓஹோ! அவரு உசுருன்னா மட்டும் சட்டம் இருக்கோ?"

உள்ளே ஒரே ஆராய்ச்சி. துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்க அரசியல் சாசனம் தந்த உரிமை, அதைப் பறிக்கும் சட்டத்துக்கு அந்தக் காலத்து முன்மாதிரி வேண்டுமாம். நாடு பிறந்த காலத்தில், மனைவியை அடிப்பவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கச் சட்டம் இருந்ததா என்று நீதிபதி கேட்டார். அரசு வக்கீல் எதையெதையோ புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. முன்மாதிரி இல்லாத சட்டம் செல்லாது, துப்பாக்கிகளைக் கொடுத்துவிடுங்கள் என்று முடித்தார் நீதிபதி. நெருங்கக் கூடாதென்ற தடை மட்டும் நீடிக்குமாம். அந்தக் காகிதம் குண்டைத் தடுக்குமென்று யார் சொன்னார்களோ!

வெர்னா எழுந்துவிட்டாள்.

"ஐயா, அந்தக் காலத்துல பொண்டாட்டிய அடிச்சா ஏன்னு கேக்க நாதியில்ல. அதனாலதான சட்டமும் இல்ல? அவங்க கண்டுக்காம விட்டதையே எங்க தலையில கட்டுறீங்களே!"

"உக்காரும்மா" என்றார் நீதிபதி, நிமிராமலே.

வாசலில் ஹோலிஸ் கத்தியைத் திருப்பி நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

உணவகத்தில் மதியக் கூட்டம். "என்னக்கா ஆச்சு?" என்று நோரீன் மாவுக்கையோடு நிமிர்ந்தாள். மாவு தேய்க்கும் கட்டை தரையில் விழுந்து ஓடியதைக்கூடக் கவனிக்காமல், வெர்னா மேஜையை மாவோடு தரதரவென்று இழுத்து, ஜன்னலே இல்லாத உள்சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டாள்.